நூலகர் என்னும் ஆசிரியர்



நூலகர்கள் தேடுவதற்கு எப்படிக் கற்றுத்தருகிறார்கள் என்பதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். முத்திரை குத்துவதைப் பற்றிப் பேசப்போவதில்லை. பதிவேட்டில் எழுதுவதைப் பற்றியும், தாமதக் கட்டணம் வாங்குவதைப் பற்றியும் பேசப்போவதில்லை. கேள்வி ஒன்றை வைத்துக்கொண்டு எங்கே போவது, யாரைக் கேட்பது என்று தெரியாமல் நிற்கும் மாணவரை, தானே விடை தேடத் தெரிந்தவராக ஆக்கி அனுப்புகிறாரே நூலகர், அந்தக் கலையைப் பற்றிப் பேசப்போகிறேன். இன்று உலகம் இதைத் தகவல் எழுத்தறிவு என்கிறது. பால் சர்க்கோவ்ஸ்கி என்ற அமெரிக்கர் 1974இல் அந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பெயர் அப்போதுதான் வந்தது. வேலையோ அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே நம் சென்னையில் நடந்துகொண்டிருந்தது.

1924 ஜனவரி. சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதல் நூலகரை நியமிக்கிறது. வந்தவர் சீர்காழிக்காரர், மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர். அவர்தான் எஸ்.ஆர். அரங்கநாதன். வகுப்பறையில் மாணவர்கள் நடுவே வாழ்ந்தவருக்கு, ஆளரவமில்லாத நூலகத்தில் நாற்காலியைக் காத்துக்கொண்டு உட்காருவது தாங்கவில்லை. என்னைக் கல்லூரிக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று கேட்டார். முதலில் இங்கிலாந்து போய் நூலகங்களைப் பார்த்துவிட்டு வாருங்கள், அதற்குப் பிறகும் பிடிக்கவில்லையென்றால் பழைய வேலை காத்திருக்கும் என்றார்கள். போனார். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் படித்தார். நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். 1925இல் ஊர் திரும்பினார். திரும்பியவர் பழைய வேலையைக் கேட்கவே இல்லை!

ஏன் கேட்கவில்லை? கற்பிக்கும் தொழிலை விட்டுவிட்டாரா? விடவில்லை என்பதுதான் என் துணிபு. கற்பிக்க இன்னொரு இடம் இருக்கிறது என்று அவர் கண்டுகொண்டார். கரும்பலகை கிடையாது, மணி அடிப்பதும் கிடையாது, வருகைப் பதிவும் கிடையாது. ஒருவர் ஒரு கேள்வியோடு உள்ளே வருகிறார். அந்தக் கேள்விதான் பாடம். நூலகரின் பணியை விளக்கி எழுதியபோது, புதிதாகச் சேர்ந்த மாணவர்களை நூலகத்துக்குப் பழக்குவதைத் தனிப் பணியாகவே அவர் வகுத்தார். சட்டென்று விடை சொல்லக்கூடிய கேள்விகள் ஒரு பக்கம். நாள்கணக்கில் உடன் இருந்து தேட வேண்டிய கேள்விகள் இன்னொரு பக்கம் என்று பிரித்துக் காட்டினார். 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்றை வாசகரின் நேரத்தைக் காப்பதற்கென்றே வைத்தார். வாசகரின் நேரத்தை விதியாக வைத்தாரே, யோசித்துப் பாருங்கள். நம் அலுவலகங்களில் எத்தனை இடங்களில் அப்படி ஒரு விதி இருக்கிறது?

நண்பர்களே, அரங்கநாதன் என்றதும் நூலகவியல் படித்தவர்களுக்கு நினைவுக்கு வருவது கோலன் பகுப்பு முறை. 1933இல் வந்தது. லண்டனில் ஒரு பெரிய கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தபோது அந்த எண்ணம் பிறந்தது. துளையிட்ட தகடுகள், கம்பிகள், திருகுகள். அவற்றையே ஒருவிதமாகப் பூட்டினால் வண்டி, வேறுவிதமாகப் பூட்டினால் பாரந்தூக்கி. அறிவையும் இப்படிப் பகுக்கலாம், மீண்டும் பூட்டலாம் என்று கண்டார். எந்தப் பொருளை எடுத்தாலும் அதன் நடுநாயகம் எது, அது எதனால் ஆனது, அதில் நிகழும் செயல் என்ன, எந்த இடத்தில், எந்தக் காலத்தில் என்று ஐந்து முகங்களாகப் பிரித்தார்.

இதைத் தேர்வுக்குப் படிக்கிறார்கள். அலமாரிக்கு எண் போடும் வித்தை என்று நினைத்துப் படித்துவிட்டு மறந்தும் போகிறார்கள். எனக்கு இதில் தீராத வருத்தம் உண்டு. புத்தகத்துக்கு எண் போட மட்டுமா இது? ஆய்வுக் கேள்வியைச் செதுக்க இதைவிடக் கூர்மையான உளியை நான் பார்த்ததில்லை. எப்படி என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

திருவாரூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு மாணவி, இளங்கலை மூன்றாம் ஆண்டு, கல்லூரி நூலகரிடம் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"சார், காவிரியைப் பத்தி ப்ராஜெக்ட். புக் இருக்கா?"

"நிறைய இருக்கும்மா. காவிரியில எது?"

"காவிரிதான் சார்."

"தண்ணியா, பயிரா, கோர்ட் கேஸா, கோயிலா?"

"தண்ணிப் பிரச்சினை சார்."

"யாருக்கு? எந்த ஊர்ல? எந்த வருஷத்துல?"

மாணவி கொஞ்ச நேரம் பேசாமல் நிற்கிறார். பிறகு சொல்கிறார்: "எங்க ஊர்ல குறுவை போடறதே சில வருஷம் குறைஞ்சுபோயிடுது சார். மேட்டூர்ல தண்ணி திறக்க லேட்டாச்சுன்னா போடவே முடியலம்பாங்க அப்பா."

பார்த்தீர்களா? அந்தப் பெண்ணிடம் கேள்வி முன்பே இருந்தது. வீட்டுத் திண்ணையில் அப்பா பேசக் கேட்டு வளர்ந்த கேள்வி. ஆனால் கல்லூரிக்கு அதைக் கொண்டுவரலாம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. நூலகர் ஒரு காகிதத்தை எடுக்கிறார். நடுவில் குறுவை நெல் என்று எழுதுகிறார். செயல்: சாகுபடிப் பரப்பு கூடுவதும் குறைவதும். இடம்: திருவாரூர் மாவட்டம். காலம்: மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12ஆம் தேதியில் திறந்த ஆண்டுகளும், தள்ளிப்போன ஆண்டுகளும். அவ்வளவுதான். காவிரி என்ற கடலளவு தலைப்பு, ஒரு மாணவி ஒரு பருவத்தில் செய்து முடிக்கக்கூடிய ஆய்வாகிவிட்டது. எங்கே தேடுவது என்பதும் அந்தக் காகிதத்திலிருந்தே கிடைத்துவிடுகிறது. அணை திறந்த தேதிக்கு நீர்வளத் துறை. சாகுபடிப் பரப்புக்கு ஆண்டுதோறும் அரசு வெளியிடும் பருவமும் பயிரும் அறிக்கை. அனுபவத்துக்கு ஊரிலுள்ள விவசாயிகள், அவருடைய அப்பா உட்பட.

அந்த மாணவி ஒரு வாரம் கழித்து மீண்டும் வருகிறார். இணையத்தில் தேடியிருக்கிறார். தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய காவிரி நீர் எவ்வளவு என்று பார்த்திருக்கிறார். மூன்று எண்கள் கிடைத்திருக்கின்றன. 205 டி.எம்.சி., 192 டி.எம்.சி., 177.25 டி.எம்.சி. "எது சார் சரி?" என்று கேட்கிறார்.

இந்த இடம்தான், நண்பர்களே, இந்த இடம்தான் கற்பித்தலின் உயிர்நிலை! 177.25 என்று சொல்லி அனுப்பிவிடலாம். ஒரு நொடி வேலை. நல்ல நூலகர் அப்படிச் சொல்வதில்லை. யார் சொன்னது, எப்போது சொன்னது, எந்த இடத்தில் அளந்து சொன்னது என்று திருப்பிக் கேட்கிறார். மாணவி போய்ப் பார்க்கிறார். 205 என்பது 1991இல் நடுவர் மன்றம் தந்த இடைக்கால ஆணை. மேட்டூரில் வந்து சேர வேண்டிய அளவு. 192 என்பது அதே மன்றம் 2007இல் தந்த இறுதித் தீர்ப்பு; மாநில எல்லையில், பில்லிகுண்டுலுவில் அளக்க வேண்டியது. 177.25 என்பது உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் சொன்னது. மூன்றில் எது பொய்? ஒன்றுமே பொய் இல்லை. மூன்றும் மெய், ஆனால் மூன்றுக்கும் தேதி உண்டு, இடம் உண்டு, சொன்ன அதிகாரம் உண்டு. தேதியையும் இடத்தையும் உதறிவிட்டு எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடினால்தான் அது பொய்யாகிறது. இதை ஒருமுறை கையால் செய்து பார்த்த மாணவி, இனி வாழ்நாளில் எந்த எண்ணைப் பார்த்தாலும் அதன் பிறந்த தேதியைக் கேட்பார்.

விடையைச் சொல்லாமல் கேள்வியைத் திருப்பிக் கேட்கும் இந்த உரையாடலைப் பற்றி 1968இல் ராபர்ட் டெய்லர் என்ற அமெரிக்க அறிஞர் ஆழமாக எழுதினார். ஒருவருடைய தேவை முதலில் மனத்தில் சொல்லற்ற குறையாக இருக்கிறது, பிறகு அவருக்கே புரிகிற எண்ணமாகிறது, பிறகு வாக்கியமாகிறது, கடைசியில், நூலகத்தில் என்ன கிடைக்கும் என்று அவரே ஊகித்து அதற்கேற்பச் சுருக்கிக்கொண்ட கேள்வியாக மேசைக்கு வருகிறது என்று அவர் நான்கு படிகள் சொன்னார். நாம் கேட்பது எப்போதும் அந்த நான்காவது, சுருங்கிப்போன கேள்வியைத்தான். "காவிரி புக் இருக்கா?" என்பது நான்காவது படி. அப்பாவின் குறுவை முதல் படி. நூலகர் படியிறங்கிப் போய் அந்த முதல் படியைத் தொட வேண்டும்.

தொட விடுவார்களா மாணவர்கள்? பயம் இருக்கிறதே! இதைப் பேசாமல் என்னால் மேலே போக முடியாது. கான்ஸ்டன்ஸ் மெலன் என்ற அம்மையார் அமெரிக்காவில் 6,000 கல்லூரி மாணவர்களின் அனுபவங்களை இரண்டு ஆண்டுகளாகத் திரட்டி, 1986இல் முடிவை வெளியிட்டார். நூலகத்தில் ஆய்வு செய்யச் சொன்னபோது முதலில் என்ன தோன்றியது? நூற்றுக்கு 75 முதல் 85 பேர் எழுதியது: பயமாக இருந்தது, தொலைந்துபோனதுபோல் இருந்தது. இன்னொன்றும் சொன்னார்கள். மற்றவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும்தான் தெரியவில்லை, கேட்டால் வெட்கக்கேடு.

அமெரிக்க மாணவருக்கே அப்படியென்றால், வீட்டில் முதல் பட்டதாரியாக வரும் நம் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு, கல்லூரியில் ஆங்கிலத் தரவுத்தளத்தின் முன்னால் உட்காரும் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? கதவருகே வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும் பிள்ளைகள் உண்டு. நூலகர் தலை நிமிர்ந்து, "வாப்பா, என்ன வேணும்?" என்று கேட்கிற அந்த ஒரு சொல், எந்த மென்பொருளையும்விடப் பெரிய கற்பித்தல் கருவி. அறிவிப்புப் பலகைகளில் 'பேசாதே', 'தொடாதே', 'பையோடு வராதே' என்றே எழுதி வைத்திருக்கிறோமே, 'கேள்' என்று எங்காவது எழுதியிருக்கிறோமா?

கரோல் குல்தாவ் என்பவர் பள்ளி நூலகராக இருந்து, பின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். மாணவர்கள் ஆய்வு செய்யும்போது அவர்கள் மனம் என்ன பாடுபடுகிறது என்று பல ஆண்டுகள் கூடவே இருந்து கவனித்தார். அவர் கண்டது வியப்பானது. தலைப்பைத் தேர்ந்தெடுத்தவுடன் மாணவருக்கு உற்சாகம் பிறக்கிறது. படிக்கத் தொடங்கியதும் உற்சாகம் வடிகிறது. ஒரு நூல் ஒன்று சொல்கிறது, இன்னொரு நூல் அதை மறுக்கிறது. படிக்கப் படிக்கக் குழப்பம் கூடுகிறது. பல மாணவர்கள் இங்கேதான் ஆய்வைக் கைவிடுகிறார்கள், அல்லது எங்கிருந்தாவது நகலெடுத்து ஒட்டிவிடுகிறார்கள். நாம் அதைச் சோம்பல் என்கிறோம், நேர்மையின்மை என்கிறோம். குல்தாவ் சொன்னது வேறு: அந்தக் குழப்பம் ஆய்வின் இயல்பான ஒரு கட்டம், எல்லோரும் அதைக் கடந்துதான் போக வேண்டும். அதைக் கடந்தால்தான் தெளிவான மையக் கருத்து கிடைக்கும். அந்தக் கட்டத்தில் பக்கத்தில் ஒருவர் நின்று, "உனக்கு மட்டும் இல்லை தம்பி, எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும், இன்னும் ரெண்டு கட்டுரை படி" என்று சொல்ல வேண்டும். வழிகாட்டிப் பேராசிரியருக்கு நேரம் இல்லை. நூலகர் சொல்லலாம்.

சரி, எப்போது கற்பிப்பது? ஆண்டுத் தொடக்கத்தில் முதலாமாண்டு மாணவர்களை வரிசையாக நூலகத்துக்குள் அழைத்துப் போகிறார்கள். இது குறிப்புதவிப் பகுதி, இது பருவ இதழ்ப் பகுதி, இது நகலெடுக்கும் இயந்திரம். அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. ஒரு கேள்வியும் கையில் இல்லாத பிள்ளைக்கு அலமாரியைக் காட்டி என்ன பயன்? இண்டியானா மாநிலத்தில் ஏர்ல்ஹாம் என்ற சிறிய கல்லூரியில் 1960களிலிருந்து இவான் ஃபார்பர் என்ற நூலகர் வேறு வழியில் போனார். பேராசிரியர் ஒரு பாடத்தில் கட்டுரை எழுதச் சொல்லும் அதே வாரத்தில், அந்த வகுப்புக்கே அவர் போனார். அந்தக் கட்டுரைக்கு எந்தெந்தக் குறிப்பு நூல்களிலிருந்து தொடங்குவது, எந்தக் கட்டுரை எதை மேற்கோள் காட்டுகிறது என்று எப்படிப் பின்தொடர்வது என்பதை மட்டும் கற்பித்தார். பேராசிரியரும் நூலகரும் சேர்ந்தே பயிற்சியை வடிவமைத்தார்கள். தேவை வரும்போது கொடுத்ததால் மாணவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். சிறிய கல்லூரியில் நடந்த அந்த வேலையைப் பார்த்துக் கற்றுக்கொள்ளப் பல இடங்களிலிருந்தும் நூலகர்கள் வந்தார்கள்.

நம் நாட்டில் முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஆய்வு நெறியும் வெளியீட்டு நெறியும் குறித்த இரண்டு மதிப்பீட்டுப் புள்ளிப் பாடத்தைப் பல்கலைக்கழக மானியக்குழு கட்டாயமாக்கியிருக்கிறது. நல்ல காரியம். ஆனால் முனைவர் பட்டத்துக்கு வந்த பிறகா இதைத் தொடங்குவது? ஆறாம் வகுப்பில் தொடங்க வேண்டியதல்லவா இது?

இனி, தமிழில் தேடுவோருக்கென்றே சில சொல்ல வேண்டும். இவை வெளிநாட்டுப் பாடநூல்களில் கிடைக்காது. நம் நூலகர்கள்தாம் சொல்லித்தர முடியும்.

நம் மொழியில் சொல் வளைந்து கொடுக்கும். நூலகம் என்று முழுச்சொல்லைக் கொடுத்துத் தேடினால், நூலகத்தில், நூலகத்துக்கு, நூலகங்கள் என்று வரும் இடங்கள் பல தேடுபொறிகளில் தப்பிப்போகும். நட்சத்திரக் குறியை ஏற்கும் தரவுத்தளமாக இருந்தால், 'நூலக' என்பதோடு நிறுத்தி அந்தக் குறியைப் போடுங்கள். அத்தனையும் வந்து விழும், நூலகரும் சேர்ந்து வருவார்! மரத்தைப் பற்றித் தேடுபவர் மரம் என்றும் மரத்த என்றும் இரண்டு விதமாகத் தேட வேண்டும். ஊர்ப்பெயரைப் பாருங்கள். தஞ்சாவூரைப் பழைய ஆங்கில ஆவணங்களில் டாஞ்சூர் என்றும், திருச்சிராப்பள்ளியை ட்ரிச்சினாப்பொலி என்றும் எழுதினார்கள். இது தெரியாமல் இன்றைய பெயரைப் போட்டுத் தேடிவிட்டு, ஆவணமே இல்லை என்று ஆய்வேட்டில் எழுதிவிடக் கூடாது. ஆள் பெயரும் அப்படித்தான். உ.வே.சா., சாமிநாதையர், சாமிநாத ஐயர், சுவாமிநாதையர்: ஒரே பெருமகன்தான், அச்சில் பல வடிவம். நல்ல நூலகப் பட்டியலில் இந்த வடிவங்களையெல்லாம் ஒன்றோடொன்று இணைத்து வைத்திருப்பார்கள். அந்த உழைப்பு வெளியே தெரிவதே இல்லை.

பழைய இணையப் பக்கங்கள் இன்னொரு சிக்கல். யூனிகோடு பரவுவதற்கு முன்னால் ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டச்சு செய்து ஏற்றிய பக்கங்கள் இன்றைய தேடலில் சிக்குவதில்லை. 1978க்கு முந்தைய எழுத்து வடிவத்தில் அச்சான நூல்களை இயந்திரம் படிக்கும்போது பிழை மலிகிறது. ஆகவே, தேடுபொறியில் வரவில்லை என்பதற்கு உலகத்திலேயே இல்லை என்று பொருளல்ல. இதை மாணவர்கள் நெஞ்சில் பதிய வைத்தாக வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். பழைய தமிழ் நூல் ஒன்றைக் கையில் கொடுங்கள். முகப்பில் ஆங்கில ஆண்டு இல்லை. பிரபவ வருடம் என்று மட்டும் அச்சிட்டிருக்கிறது. இந்த நூல் எப்போது வந்தது? பிரபவ அறுபது ஆண்டுக்கொரு முறை வரும். 1867இல் வந்தது, 1927இல் வந்தது, 1987இல் வந்தது. எது? மாணவர்கள் துப்பறியத் தொடங்குகிறார்கள். விலையைப் பார். அணாக்கணக்கில் இருக்கிறதா? அப்படியானால் 1987 விழுந்துவிட்டது, 1957இலேயே நயா பைசா வந்துவிட்டது. பின்னட்டை விளம்பரத்தைப் பார். அச்சகத்தின் தொலைபேசி எண் இருக்கிறதா? 1867இல் உலகத்தில் தொலைபேசியே கிடையாது. அதோ, 1927 கையில் அகப்பட்டுவிட்டது! தொலைபேசி எண் இல்லையென்றால்? அதுவும் ஒரு பாடம். இன்னும் தேட வேண்டும். 1867ஆம் ஆண்டு நூல் பதிவுச் சட்டப்படி, சென்னை மாகாணத்தில் அச்சான நூல்களைக் காலாண்டுதோறும் பட்டியலிட்டு வைத்தார்கள். அதைப் புரட்ட வேண்டும். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்கள் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. அங்கே போய் அதே அச்சகத்தின் வேறு நூல்களோடு ஒப்பிட வேண்டும். ஒரு நூலின் தேதியைக் கண்டுபிடிக்க ஒரு பிற்பகல் முழுவதும் உழைத்த மாணவன், ஆதாரம் என்றால் என்னவென்று பத்துச் சொற்பொழிவு கேட்டாலும் கிடைக்காத தெளிவைப் பெறுகிறான்.

இப்போது திரைக்கு வருவோம். கைப்பேசிக்கு வருவோம். இங்கே நூலகர்களே தங்கள் பாடத்தைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது. கலிபோர்னியாவில் சிகோ என்ற ஊரின் அரசுப் பல்கலைக்கழக நூலகர்கள் 2004இல் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் செய்தார்கள். தகவல் புதியதா, தொடர்புடையதா, எழுதியவர் யார், துல்லியமானதா, எழுதிய நோக்கம் என்ன என்று ஐந்து கேள்விகள். உலகமெங்கும் அதைப் பயன்படுத்தினார்கள். பின்னர் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் ஒரு சோதனை வைத்து, 2017இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வரலாற்று அறிஞர்கள் 10 பேர், தொழில்முறை உண்மை சரிபார்ப்பாளர்கள் 10 பேர், அந்தப் பல்கலைக்கழக மாணவர்கள் 25 பேர். இரண்டு மருத்துவ அமைப்புகளின் இணையப் பக்கங்களைக் கொடுத்து எது நம்பகமானது என்று கேட்டார்கள். ஒன்று 1930இல் தொடங்கிய, பல்லாயிரம் குழந்தை மருத்துவர்களைக் கொண்ட பெரிய சங்கம். மற்றொன்று 2002இல் கொள்கை வேறுபாட்டால் பிரிந்துபோன சிறிய குழு. இரண்டின் பெயரும் கிட்டத்தட்ட ஒன்றுபோல ஒலிக்கும். இரண்டு பக்கமும் பார்க்க அழகாக இருக்கும்.

என்ன நடந்தது தெரியுமா? கெட்டிக்கார மாணவர்கள் பெருவாரியாகச் சிறிய குழுவின் பக்கத்தையே நம்பினார்கள். வரலாற்று அறிஞர்கள் பலர் தடுமாறினார்கள். சரிபார்ப்பாளர்கள் மட்டும் சில நிமிடங்களில் சரியாகச் சொன்னார்கள். அவர்கள் கூடுதலாகப் படித்ததாலா? இல்லை, அந்தப் பக்கத்தைக் குறைவாகப் படித்ததால்! மற்றவர்கள் அந்தப் பக்கத்துக்குள்ளேயே இருந்து எழுத்தையும் சின்னத்தையும் அடிக்குறிப்பையும் ஆராய்ந்துகொண்டிருந்தபோது, இவர்கள் உடனே வெளியே வந்து, புதிய சாளரங்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். ஆசாமியைப் பற்றி ஆசாமியிடமே விசாரிப்பதை விட்டு, ஊரில் விசாரித்தார்கள். பெண் எடுக்கவும் பெண் கொடுக்கவும் நம் குடும்பங்கள் காலகாலமாகச் செய்வது இதைத்தானே! மைக் கால்ஃபீல்ட் என்ற கல்வியாளர் 2019இல் இதை எளிய பயிற்சியாக வகுத்துக் கொடுத்தார்: முதலில் நில், சொல்பவர் யார் என்று விசாரி, வேறு நல்ல செய்தி தேடு, மூலம்வரை போ. இன்று பல நூலகங்களில் இதைக் கற்பிக்கிறார்கள்.

உங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வருகிறேன். நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்ததென்று யுனெஸ்கோ அறிவித்துவிட்டது என்ற செய்தி ஆண்டுக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. யுனெஸ்கோ அப்படி அறிவிக்கவே இல்லை. அனுப்புகிறவர் கெட்டவரா? இல்லை. நாட்டுப்பற்றோடு அனுப்புகிறார். மகிழ்ச்சி வந்தவுடன் விரல் முந்திவிடுகிறது. அதனால்தான் முதல் பயிற்சி 'நில்' என்பது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்தச் செய்தியைக் கொடுத்து, யுனெஸ்கோவின் சொந்தத் தளத்தில் தேடச் சொல்லுங்கள். பதினைந்து நிமிடப் பாடம். அன்று மாலை அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய்த் தன் மாமாவுக்குச் சொல்லிக்கொடுக்கும்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி நூலகர் எதற்கு என்று கேட்கிறார்கள். 2023இல் நியூயார்க்கில் நடந்ததைச் சொல்கிறேன். ஏவியாங்கா விமான நிறுவனத்தின் மேல் தொடுத்த வழக்கில், வழக்கறிஞர்கள் பழைய தீர்ப்புகளை எடுத்துக்காட்டி மனு கொடுத்தார்கள். எதிர்த்தரப்பு தேடியது, கிடைக்கவில்லை. நீதிபதி தேடினார்; கிடைக்கவில்லை. அந்தத் தீர்ப்புகளே கிடையாது! சாட்ஜிபிடி இட்டுக்கட்டிக் கொடுத்தவை அவை. 5,000 டாலர் அபராதம் விழுந்தது. இதில் மிக முக்கியமானது எது தெரியுமா? அந்த வழக்கறிஞர்களில் ஒருவர் சரிபார்க்காமல் விடவில்லை. சரிபார்த்தார். யாரிடம்? இந்த வழக்கு உண்மையானதா என்று அதே சாட்ஜிபிடியிடம் கேட்டார். உண்மைதான் என்று அது சொன்னது. நம்பிவிட்டார்.

சொன்னவனையே சாட்சியாக்கினால் வழக்கு நிற்குமா? இதைத்தான் நூலகர்கள் நூறாண்டாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இயந்திரம் ஒரு கட்டுரையின் பெயரைச் சொன்னால், இதழின் பெயரைப் பார், தொகுதி எண்ணைப் பார், அந்தப் பக்கத்தைத் திற, அங்கே அந்தக் கட்டுரை இருக்கிறதா பார். இருந்தால் மட்டும் போதுமா? அது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு காட்டி 1998இல் லான்செட் இதழில் வந்த கட்டுரை, வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதியது. 2010இல் இதழே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இன்றும் அதைச் சொல்லித் தாய்மார்களைப் பயமுறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

போலி ஆய்விதழ்களைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களிடமிருந்து ஆய்வாளர்களைக் காக்க மானியக்குழு ஒரு பட்டியல் வைத்திருந்தது. 2025இல் அந்தப் பட்டியலைக் கைவிட்டுவிட்டது. இனி எந்த இதழ் நல்லது என்று அந்தந்தக் கல்வி நிலையமே முடிவெடுக்க வேண்டும். யார் முடிவெடுப்பது? ஆசிரியர் குழுவில் உள்ளவர்கள் உண்மையான ஆட்களா, முகவரி எங்கே, கட்டணம் எவ்வளவு, கட்டுரையைத் துறை அறிஞர்கள் படித்துப் பார்க்கிறார்களா என்று விசாரிக்கப் பயிற்சி பெற்ற ஒருவர் ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்கிறார். அவரைப் புத்தகக் காப்பாளராக உட்கார வைத்திருக்கிறோம்.

கல்லூரி முதல்வர்களே, உங்களிடம் உரிமையோடு கேட்கிறேன். ஆய்வுத் தலைப்பைப் பதிவு செய்யும் படிவத்தில் வழிகாட்டியின் கையெழுத்துக்குப் பக்கத்தில் நூலகரின் கையெழுத்துக்கும் ஓரிடம் வையுங்கள். அந்தக் கையெழுத்துக்காகவாவது மாணவர் போய் அரை மணி நேரம் அவரோடு உட்காருவார். பள்ளித் தலைமையாசிரியர்களே, நூலகப் பாடவேளையைக் கணக்குத் தேர்வுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். பெற்றோர்களே, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி, நீங்கள் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். விடுதலை பெற்ற இந்தியாவில் முதலில் பொதுநூலகச் சட்டம் கண்ட மாநிலம் நம்முடையது. அதற்குப் பின்னால் நின்று உழைத்தவர் அதே அரங்கநாதன். உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குப் போய், எங்கள் பிள்ளைகளுக்குத் தேடக் கற்றுத்தரும் வகுப்பு எந்தக் கிழமை நடக்கிறது என்று கேளுங்கள். நடக்கவில்லை என்றால், ஏன் என்று கேளுங்கள். ஆளில்லை என்று சொன்னால், காலியிடம் எத்தனை என்று கேளுங்கள். அதுவும் ஒரு தேடல்தான்!

எனக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது. அவைத்தலைவர் கேள்விக்கென்று அரைமணி நேரம் ஒதுக்கியிருக்கிறார். ஆய்வு மாணவர்கள் உங்கள் தலைப்புகளைச் சொல்லுங்கள். மேடையில் ஒரு கரும்பலகை இருக்கிறது, சுண்ணக்கட்டியும் இருக்கிறது. நம்மோடு இங்கே அமர்ந்திருக்கும் நூலகர்களும் மேலே வரட்டும். எது நடுநாயகம், என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதிப் பார்ப்போம். முதலில் யார் வருகிறீர்கள்?